பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸ்: நூல் பட்டியல் ஏற்றும் ஸ்கிரிப்ட், வேலைப் பதிவு

வேலை இதுதான். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியல் வாரம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரை) வருகிறது. ஏறத்தாழ 40,000 வரிகள். பதிவேட்டு எண், தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன், வெளியான ஆண்டு, நூலகத்தில் சேர்ந்த தேதி என்று 6 நெடுவரிசைகள். புதிய புத்தகங்களை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும், பழையவற்றில் மாறியதைத் திருத்த வேண்டும், பிறகு சில கேள்விகளுக்குப் பதில் எடுக்க வேண்டும். பைத்தானில் 100 வரிக்குள் அடங்கிவிடும். டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல் நன்றாகத் தெரிந்தவர்களும் இந்த 100 வரிக்குள் தடுக்கி விழுகிறார்கள். விழும் இடம் பெரும்பாலும் குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) அல்ல, கனெக்‌ஷன். எந்த யூசராக உள்ளே வந்தோம், பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி மொத்தமாகச் சேமிக்கும் அல்லது கைவிடும் டிரான்சாக்‌ஷன் திறந்திருக்கிறதா, திறந்திருந்தால் அது நலமாக இருக்கிறதா கெட்டுப்போய்விட்டதா என்ற விவரங்களை எல்லாம் ஒவ்வொரு கனெக்‌ஷனும் சுமந்துகொண்டே இருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்த நிலையை மறந்ததால் வருபவை.

நிறுவுதல்

புதிய டெபியனிலும் உபுண்டுவிலும் சிஸ்டத்தின் பைத்தானுக்குள் நேரடியாக பிப் கட்டளையால் எதையும் நிறுவ முடியாது. வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி நிறுத்திவிடும். அதை மீறுவதற்கும் ஒரு தேர்வு உண்டு, ஆனால் பயன்படுத்த வேண்டாம். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வெர்ச்சுவல் சூழலை உருவாக்கி அதில் நிறுவுங்கள்.

பைத்தானை போஸ்ட்கிரெஸோடு பேசவைக்கும் டிரைவராக சைக்கோபிஜி 3. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு பழைய சைக்கோபிஜி 2-ஐ எடுக்கக் காரணம் எதுவும் இல்லை. நிறுவும்போது பைனரி என்ற கூடுதல் தேர்வைச் சேர்த்துக்கொண்டால், தேவையான லிப்பிக்யூ லைப்ரரியும் (சர்வரோடு இணையும் வேலையைச் செய்வது) உள்ளேயே வந்துவிடும். சைக்கோபிஜி 2-ஐ மூலநிரலாக நிறுவப் போனால் சி கம்பைலரும் லிப்பிக்யூவின் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவை இல்லாதபோதுதான் பிஜி கான்ஃபிக் கிடைக்கவில்லை என்ற அந்தப் பிரபலமான பிழை வருகிறது. சர்வர் வேறு கணினியில் இருந்தாலும் இந்த ஹெடர்கள் ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில்தான் தேவை.

யூசரும் அனுமதியும்

ஸ்கிரிப்டுக்குத் தனி யூசர் ஒருவரை உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற சூப்பர்யூசராக ஓட்டினால் முதல் நாள் எல்லாமே சுலபமாக நடக்கும். பிறகு யாரோ ஒரு டேபிளைத் தவறுதலாக டிராப் செய்யும்போது தடுக்க ஆள் இருக்காது.

இரண்டு இடத்தில் அனுமதிப் பிழை வரும். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 15 முதல், பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் பொதுப் பிரிவு) டேபிள் உருவாக்கும் உரிமை எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுகிறவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். தனியாக ஒரு ஸ்கீமா உருவாக்கி அதன் உரிமையை இந்த யூசரிடம் கொடுப்பதே சுத்தமான வழி. இரண்டாவது, தானாக எண் போடும் சீரியல் வகை நெடுவரிசை. டேபிளுக்கு இன்செர்ட் உரிமை கொடுத்திருந்தாலும் அதன் பின்னால் இருந்து எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்குத் தனியாக உரிமை கொடுக்காவிட்டால் இன்செர்ட் தோற்கும். அதே வேலையைச் செய்யும் ஐடென்டிட்டி நெடுவரிசையாக வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இணைதல்

ஹோஸ்ட் பெயரே கொடுக்காமல் இணைந்தால் ஒரே கணினிக்குள்ளான யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். டெபியனில் அந்த வழிக்கு பியர் என்ற முறை வைக்கப்பட்டிருக்கும்: லினக்ஸில் நீங்கள் எந்த யூசரோ அதே பெயரில்தான் டேட்டாபேஸுக்குள்ளும் நுழையலாம். பாஸ்வேர்டைப் பார்க்கவே பார்க்காது. பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பியர் அங்கீகாரம் தோற்றது என்று வருகிறதே என்று பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஹோஸ்டாக 127.0.0.1, போர்ட்டாக 5432 கொடுத்தால் டிசிபி வழியாகப் போய் பாஸ்வேர்ட் கேட்கும்.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சில கணினிகளில் அது முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகும். அனுமதிகளை வைத்திருக்கும் பிஜி எச்பிஏ கோப்பில் அந்த முகவரிக்கு வரி இல்லையென்றால் மறுத்துவிடும். அந்தக் கோப்பு மேலிருந்து கீழே படிக்கப்படுகிறது. பொருந்தும் முதல் வரியே தீர்ப்பு. கீழே எத்தனை தாராளமான வரியைச் சேர்த்தாலும் மேலே ஒரு வரி பொருந்தி மறுத்துவிட்டால் கதை முடிந்தது. கோப்பைத் திருத்திய பிறகு ரீலோட் போதும். வேறு கணினியிலிருந்து இணைய வேண்டுமென்றால் சர்வர் கேட்கும் முகவரிகளின் அமைப்பையும் மாற்ற வேண்டும், அதற்கு ரீஸ்டார்ட் கட்டாயம்.

கனெக்‌ஷன் விவரங்களை ஒரே யூஆர்எல்லாக எழுதும் பழக்கம் இருக்கிறது. பாஸ்வேர்டில் @ அல்லது / இருந்தால் யூஆர்எல் உடையும். @ என்பதை %40 என்று எழுத வேண்டும். ஹோஸ்ட், யூசர், டேட்டாபேஸ் ஆகியவற்றைத் தனித்தனி அளவுருக்களாகக் கொடுத்தால் இந்தக் கவலை இல்லை. பாஸ்வேர்ட் நிரலுக்குள் வர வேண்டாம். ஹோம் ஃபோல்டரில் பிஜிபாஸ் கோப்பு வைத்து (பெயர் புள்ளியில் தொடங்கும்), ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்ட் என்ற வரிசையில் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரு வரி எழுதினால் லிப்பிக்யூ தானாக எடுத்துக்கொள்ளும். கோப்பின் அனுமதி 0600 ஆக இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் அந்தக் கோப்பையே பொருட்படுத்தாது.

இணையும்போதே இன்னும் இரண்டைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, இணைவதற்கான காலக்கெடு, 5 விநாடி போதும். கொடுக்காவிட்டால் லிப்பிக்யூ தானாக விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கும். மற்றொன்று அப்ளிகேஷன் பெயர். பின்னால், இணைந்திருப்பவர்களைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்து பார்க்கும்போது எந்தக் கனெக்‌ஷன் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது.

சிஎஸ்வியும் டேபிளும்

எக்ஸெலிலிருந்து வந்த கோப்புகளின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருப்பது வழக்கம். சாதாரண யூடிஎஃப்-8 ஆகத் திறந்தால் முதல் நெடுவரிசையின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். பெயர் சரியாகத் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் கேட்டால் கீஎரர் (அப்படி ஒரு பெயர் இல்லை என்ற பிழை). யூடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங்கில் திறந்தால் தீர்ந்தது. ஐஎஸ்பிஎன்னை எண்ணாக வைக்காதீர்கள். 10 இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசி இடத்தில் எக்ஸ் எழுத்து வரலாம், முன்னால் பூஜ்யம் வரலாம். எக்ஸெல் அதை அறிவியல் முறை எண்ணாக்கிச் சேமித்திருந்தால் இலக்கங்கள் கோப்பிலேயே தொலைந்துவிட்டன. எந்த நிரலும் மீட்காது, மூலத்திலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி எது? ஐஎஸ்பிஎன் என்றுதான் கை முதலில் போகும். ஆனால் ஐஎஸ்பிஎன் முறை வருவதற்கு முன் அச்சான புத்தகங்களுக்கு அது இல்லை, அந்த இடம் நல் (மதிப்பே இல்லை என்ற குறி). ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற யுனீக் கட்டுப்பாடு எத்தனை நல் வந்தாலும் அனுமதிக்கும், ஏனென்றால் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் அல்ல. ஆகவே ஐஎஸ்பிஎன் மோதினால் திருத்து என்று எழுதிய குவெரி, பழைய புத்தகங்களை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும். எரர் வராது, எண்ணிக்கை மட்டும் ஏறும். நூலகம் கொடுத்த பதிவேட்டு எண் எல்லாப் புத்தகத்துக்கும் இருக்கிறது, அதுவே சாவி.

தமிழ்த் தலைப்புகளில் ஒரு நுணுக்கம். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பைட்டுகள் வேறு, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒரு வடிவத்தில் தேடினால் மற்றது கிடைக்காது. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கும் நார்மலைஸ் செயல்பாட்டால் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஏற்ற வேண்டும், தேடும் சொல்லையும் அப்படியே. போஸ்ட்கிரெஸ் 13 முதல் சர்வருக்குள்ளேயும் இதே செயல்பாடு உண்டு. ஒரு கூடுதல் செய்தி: டேபிளுக்கும் நெடுவரிசைக்கும் தமிழில் பெயர் வைக்கலாம், மேற்கோள் குறி கூடத் தேவையில்லை. ஆனால் பெயருக்கு 63 பைட்தான் வரம்பு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. ஆக 21 குறியீடுகளுக்கு மேல் போனால் வெட்டிவிடும்.

ஏற்றுதல்

வரிக்கு ஒரு இன்செர்ட் என்று லூப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சர்வருக்கு ஒரு பயணம். போய்வர 1 மில்லிவிநாடி ஆனால் 40,000 வரிக்கு 40 விநாடி. சர்வர் தொலைவில் இருந்து 20 மில்லிவிநாடி ஆனால் 800 விநாடி, 13 நிமிடத்துக்கு மேல். இதில் ஒவ்வொரு கட்டளையையும் உடனே சேமிக்கும் ஆட்டோகமிட்டும் போட்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் நேரமும் சேரும். சைக்கோபிஜி 2-இன் எக்ஸிக்யூட்மெனி உள்ளே இதே லூப்பைத்தான் ஓட்டுகிறது. சைக்கோபிஜி 3.1 முதல் அது ஒவ்வொரு பதிலுக்கும் காத்திராமல் பைப்லைன் முறையில் அனுப்புகிறது, எனவே பரவாயில்லை. ஆனாலும் மொத்தமாக ஏற்றுவதற்கு காப்பி கட்டளைக்கு ஈடு இல்லை.

முறை இது. முதலில் தற்காலிக டேபிள் ஒன்று, எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட், கட்டுப்பாடு எதுவும் இல்லாமல். கூடவே சிஎஸ்வியின் வரி எண்ணுக்கு ஒரு நெடுவரிசை. கமிட்டில் (மாற்றங்களைச் சேமித்து முடிக்கும்போது) டிராப் ஆகும்படி உருவாக்கலாம். ஆட்டோகமிட் இயங்கிக்கொண்டிருந்தால் உருவாக்கிய கணமே கமிட்டாகி டேபிள் மறைந்துவிடும், அடுத்த கட்டளை டேபிளே இல்லை என்று சொல்லும். அடுத்து, கட்டளைகளை ஓட்டும் கர்சரின் காப்பி முறையைத் திறந்து, ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து காப்பி என்ற கட்டளையைக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் ரைட் ரோ முறையால் எழுதிக்கொண்டே போக வேண்டும். வெற்று உரையை இங்கேயே நன் (None, பைத்தானில் நல்லுக்கு ஈடு) ஆக மாற்றிவிடுங்கள். விட்டால் தேதி நெடுவரிசைக்கு மாற்றும்போது வெற்று உரை தேதி ஆகாது என்று விழும்.

காப்பியில் ஒரு வரி கெட்டால் மொத்தமும் போகும். இறுதி டேபிளுக்கு நேராகக் காப்பி செய்யாமல் டெக்ஸ்ட் நெடுவரிசைகள் வழியாகப் போவதற்கு அதுதான் காரணம்: உரைக்குள் எதுவும் நுழையும், கெட்ட தேதி எந்த வரியில் இருக்கிறது என்பதை அதன்பின் எஸ்க்யூஎல்லிலேயே கேட்டுப் பட்டியல் எடுக்கலாம்.

பிறகு ஒரே கட்டளை: தற்காலிக டேபிளிலிருந்து செலக்ட் செய்து இன்செர்ட், பதிவேட்டு எண்ணில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் (எண் மோதினால் பழைய வரியைத் திருத்து). ஒரே பதிவேட்டு எண் கோப்பில் இருமுறை வந்திருந்தால், ஒரே கட்டளையில் ஒரு வரியை இரண்டாம் முறை தொட முடியாது என்று மறுத்துவிடும். இந்த எரர் நல்லதுதான். கோப்பில் குளறுபடி இருப்பதைக் காட்டுகிறது. கடைசி வரிதான் செல்லும் என்று முடிவு செய்தால், டிஸ்டிங்க்ட் ஆன் பதிவேட்டு எண் (எண்ணுக்கு ஒரு வரி மட்டும்), வரிசை பதிவேட்டு எண்ணிலும் பிறகு வரி எண்ணில் இறங்குமுகமாகவும். அப்டேட்டின் கடைசியில் ஒரு வேர் (WHERE) நிபந்தனை: பழைய மதிப்புகள் புதியவற்றிலிருந்து இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் (நல்லையும் கணக்கில் எடுத்து வேறுபட்டவை) ஆக இருந்தால் மட்டும். இல்லையென்றால் எதுவும் மாறாத 40,000 வரிகளையும் வாரம் தவறாமல் புதிதாக எழுதி, அதே எண்ணிக்கையில் செத்த வரிகளை, துப்புரவு செய்யும் வேக்யூமுக்கு விட்டுவைக்கும். இங்கே சமக் குறியோ சமமின்மைக் குறியோ போட வேண்டாம். ஒருபுறம் நல் இருந்தால் விடையும் நல், மாற்றம் தப்பிவிடும்.

ஐடென்டிட்டி நெடுவரிசையும் வைத்திருந்தால், அதன் எண்கள் தொடர்ச்சியாக இல்லை என்று பயப்பட வேண்டாம். மோதி அப்டேட்டாக மாறிய வரியும் ஒரு எண்ணை எடுத்துவிடுகிறது.

டிரான்சாக்‌ஷன்

சைக்கோபிஜியில் முதல் குவெரியை அனுப்பியதுமே டிரான்சாக்‌ஷன் திறக்கிறது, செலக்ட் ஆனாலும் சரி. கமிட் போடாமல் கனெக்‌ஷனை மூடினால் எல்லாம் போய்விடும். ஸ்கிரிப்ட் எரரே இல்லாமல் ஓடியது, டேபிளில் ஒன்றும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

வித் பிளாக் பற்றி ஒரு தெளிவு வேண்டும். சைக்கோபிஜி 3-இல் கனெக்‌ஷனை வித் பிளாக்கில் வைத்தால், பிழையின்றி முடிந்தால் கமிட், பிழை வந்தால் ரோல்பேக் (மாற்றங்களைக் கைவிடுதல்), எப்படியானாலும் கனெக்‌ஷன் மூடப்படும். சைக்கோபிஜி 2-இலும் பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் 3-இலும் கமிட், ரோல்பேக் மட்டுமே; கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். எழுதுவது ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றின் நிரலை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும்போது கனெக்‌ஷன்கள் கசிகின்றன. போஸ்ட்கிரெஸின் இயல்பான கனெக்‌ஷன் வரம்பு 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை.

ஒரு குவெரி தோற்ற பிறகு அடுத்து அனுப்பும் எதுவும், வெறும் செலக்ட் 1 கூட, டிரான்சாக்‌ஷன் கைவிடப்பட்டது என்று திரும்பி வரும். காரணம் அந்தக் குவெரியில் இல்லை, முதலில் தோற்றதில் இருக்கிறது. லூப்புக்குள் எல்லா எரரையும் பிடித்து பாஸ் (எதுவும் செய்யாதே) என்று எழுதியவர்களுக்கு உண்மையான முதல் எரர் தெரியாமலே போய்விடும். ஆயிரம் தடவை இந்த இரண்டாவது எரர்தான் லாகில் இருக்கும். சில வரிகள் தோற்றாலும் மற்றவை செல்ல வேண்டும் என்ற தேவை உண்மையிலேயே இருந்தால், ஒவ்வொன்றையும் கனெக்‌ஷனின் டிரான்சாக்‌ஷன் பிளாக்குக்குள் வையுங்கள். ஏற்கெனவே ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்திருந்தால் உள்ளே வருவது சேவ்பாயின்ட் (திரும்பி வரக்கூடிய இடைப்புள்ளி) ஆகிறது, தோல்வி அந்த எல்லையோடு நிற்கிறது.

மாறாக, டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவதும் கெடுதல். ஒரு செலக்ட், பிறகு இணையத்திலிருந்து எதையோ இறக்கும் 10 நிமிட வேலை, பிறகு இன்னொரு குவெரி என்று எழுதினால், அந்த 10 நிமிடமும் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன். எடுத்த லாக்குகள் விடப்படாது, டேபிளை ஆல்டர் செய்ய வருகிறவர் பின்னால் நிற்பார், அவருக்குப் பின்னால் சாதாரண செலக்டுகளும் வரிசையில் நிற்கும். படித்து முடித்ததும் கமிட் போடுங்கள்.

மதிப்புகளைக் கொடுத்தல்

எஃப்-ஸ்ட்ரிங்கால் குவெரிக்குள் மதிப்பைச் சொருகுவது கூடவே கூடாது. தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி வந்தாலே உடையும், வெளியிலிருந்து வரும் உரையென்றால், பிறர் தம் கட்டளையை உள்ளே நுழைக்கும் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவு திறந்தாகிவிட்டது. சைக்கோபிஜியில் இடம்பிடிப்பான் % குறியும் எஸ் எழுத்தும்; எஸ்க்யூலைட்டில் கேள்விக்குறி. அந்த எஸ் எழுத்தைச் சுற்றி மேற்கோள் போட வேண்டாம், மதிப்பு எண்ணாக இருந்தாலும் அதே எஸ்தான்.

ஒரே மதிப்பு என்றால் டியூப்பிளில் பின்னால் காற்புள்ளி கட்டாயம். மறந்தால் அது டியூப்பிள் அல்ல, வெறும் உரை. 13 இலக்க ஐஎஸ்பிஎன் ஒன்றை அப்படிக் கொடுத்திருந்தால், எஸ்க்யூலைட் அந்த உரையை எழுத்து எழுத்தாக எண்ணி, 1 தேவை, 13 தரப்பட்டது என்று சொல்லும். 13 என்பது அந்த ஐஎஸ்பிஎன்னின் நீளம்.

லைக் தேடலில் % குறியைக் குவெரியில் எழுதாமல் மதிப்போடு ஒட்டி அனுப்புங்கள். குவெரியிலேயே எழுதினால் அளவுரு கொடுக்கும்போது இரட்டிக்க வேண்டும், கொடுக்காதபோது இரட்டிக்கக் கூடாது.

இன் (IN) பட்டியல்: சைக்கோபிஜி 2-இல் டியூப்பிளை அப்படியே கொடுக்கலாம். 3-இல் மதிப்புகள் சர்வரில் பொருத்தப்படுவதால் அது நடக்காது. சமம் எனி (= ANY) என்று எழுதி லிஸ்டைக் கொடுக்க வேண்டும். காலியான லிஸ்டுக்கும் இது ஒழுங்காக வேலை செய்யும், பழைய முறையில் அது சின்டாக்ஸ் எரர். டேபிள் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் இடம்பிடிப்பானால் கொடுக்க முடியாது. அதற்கு எஸ்க்யூஎல் துணை மாட்யூலின் ஐடென்டிஃபையர் இருக்கிறது.

எடுத்தல்

சாதாரண கர்சரில் எக்ஸிக்யூட் முடியும்போதே முழு விடையும் ஸ்கிரிப்டின் நினைவகத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு ஃபெட்ச்ஒன் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதால் நினைவகம் மிச்சமாகாது. 40,000 வரிக்கு இது பிரச்சினையே இல்லை. கோடிக்கணக்கில் போனால் கர்சருக்கு ஒரு பெயர் கொடுங்கள்: விடை சர்வரில் இருக்கும், ஸ்கிரிப்ட் தவணையாக எடுக்கும். சைக்கோபிஜி 3-இல் தவணை 100 வரி, 2-இல் 2,000. நடுவில் கமிட் போட்டால் அந்தக் கர்சர் செத்துவிடும், எனவே படிப்பதற்கும் எழுதுவதற்கும் இரண்டு கனெக்‌ஷன்.

தலைப்பு அகரவரிசையில் வேண்டுமென்றால் கொலேஷனைக் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) கவனியுங்கள். சி கொலேஷனில் வரிசை யூனிகோட் எண்ணின்படி: ன பகரத்துக்கு முன்னால் வந்துவிடும், ழவும் ளவும் வகரத்துக்கு முன்னால். ஐசியூ (பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் லைப்ரரி) ஆதரவுடன் கட்டப்பட்ட போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியூ கொலேஷன் இருக்கிறது. ஆர்டர் பையில் அதைச் சொன்னால் தமிழ் நெடுங்கணக்கின்படி வரும்.

தானாக ஓடவிடுதல்

கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் லினக்ஸ் கருவி) வைக்கும்போது எல்லாப் பாதையும் முழுப் பாதையாக, வெர்ச்சுவல் சூழலின் பைத்தான் உட்பட. பிஜிபாஸ் கோப்பு கிரான் எந்த யூசராக ஓடுகிறதோ அவருடைய ஹோம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் டேபிளுக்கு ஒரு அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை). தானியங்கி வரும்வரை காத்திருந்தால் முதல் சில குவெரிகள் பழைய புள்ளிவிவரத்தை நம்பித் திட்டம் போடும்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடாமலிருக்க, தொடக்கத்திலேயே பிஜி ட்ரை அட்வைசரி லாக்கை ஒரு நிலையான எண்ணோடு அழைத்து, பொய் என்று வந்தால் வெளியேறலாம். இந்த லாக் கனெக்‌ஷனுக்குச் சொந்தம். ஸ்கிரிப்ட் செத்தால் சர்வர் கனெக்‌ஷனை மூடும்போது தானாக விடுபடும், பழைய லாக் கோப்பை யாரும் வந்து அழிக்க வேண்டியதில்லை. நடுவில், கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் முறையில் இருந்தால் மட்டும் இது செல்லாது. அங்கே ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் வேறு சர்வர் கனெக்‌ஷன் கிடைக்கலாம் என்பதால், பெயரில் எக்ஸாக்ட் என்று வரும் டிரான்சாக்‌ஷன் அளவிலான வடிவத்தை எடுத்து, ஏற்றுதல் முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்க வேண்டும்.